லாரி வந்தால் ஏறும் சர்க்கரை

மேசை மேல் விரித்திருந்த காகிதம் கொழுந்தனுக்குப் புரியவில்லை. அதற்காக அவன் வெட்கப்படவும் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த டாக்டருக்கும்தான் புரியவில்லை. அவரோ இருபத்திரண்டு வருஷமாக ஹார்மோன்களோடு குடித்தனம் நடத்துகிறவர்.

காகிதத்தில் பதினான்கு கோடுகள், நாளுக்கு ஒன்று. ஒரு மனிதரின் உடம்பில் சர்க்கரை ஏறி இறங்கிய கதை. காலையில் ஒரு மேடு, மதியம் ஒரு மேடு, இரவெல்லாம் சமவெளி. அதுவரை ஒழுங்கு. ஆனால் பிற்பகல் இரண்டு பத்து ஆனதும் கோடு, கயிறு அறுந்த வாளி கிணற்றில் விழுவது போல விழுந்தது. நூற்று முப்பதில் இருந்தது கால் மணி நேரத்தில் ஐம்பத்திரண்டு. நான்கு மணி வரை கிணற்றின் அடியிலேயே கிடந்தது. பிறகு யாரோ பிடித்து இழுத்த மாதிரி விறுவிறுவென்று மேலே வந்து, ஒன்றுமே நடக்காதது போல நடையைக் கட்டியது.

"ஐம்பத்திரண்டுன்னா என்ன அர்த்தம் டாக்டர்?" என்று அண்ணி கேட்டாள்.

"எழுபதுக்குக் கீழ போனாலே நாங்க பதறுவோம். ஐம்பத்திரண்டுல கை நடுங்கணும், சட்டை நனையணும், பேச்சு குழறணும்."

"இவருக்கு?"

"கேட்டேன். நல்லா இருக்கேங்கறாரு. பசிச்சுதுன்னுகூடச் சொல்ல மாட்டேங்கறாரு."

அண்ணி பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். எரிந்த கடைகளுக்குள் போய், எரிவதற்கு முந்தின நாள் சரக்கு எங்கே போனது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அதை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிய உட்கார்ந்தபோது, தொட்ட மூன்று தொழிலிலும் கடையைச் சாத்தியிருந்த கணவரின் தம்பி உதவிக்கு வந்து ஒட்டிக்கொண்டான். அவன் அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் அப்படியே கூப்பிட, அதுவே அவளுடைய தொழிற்பெயராகிவிட்டது. அவனும் நாற்பத்தைந்து வயதில் ஊருக்கே கொழுந்தன் ஆனான்.

டாக்டர் விஷயத்துக்கு வந்தார். வாரம் ஒரு தடவை போட்டால் போதும் என்ற புதிய சர்க்கரை மருந்தை அறுபத்திரண்டு பேருக்குக் கொடுத்து இந்த மையத்தில் ஆராய்கிறார்கள். ஆய்வுத் தாள்களில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். இந்தக் கோடுகள் பதினேழாம் எண்ணுடையவை. ஆவணக் கிடங்கு ஒன்றில் பகல் காவலாளி.

"இன்னிக்கு ஆறரை மணிக்குப் பாதுகாப்புக் குழு போன்ல கூடுது. காரணம் மருந்துன்னா ஆராய்ச்சிய நிறுத்திடுவாங்க. மத்த அறுபத்தியொரு பேருக்கு நல்லா வேலை செய்யற மருந்து, அவ்வளவுதான். காரணம் மருந்து இல்லேன்னா..." அவர் குரலைத் தாழ்த்தினார். "பதினேழோட மனைவிக்கும் சர்க்கரை. இறக்கற மாத்திரை வீட்லயே இருக்கு. மதியச் சாப்பாடு அவங்க கட்டிக் குடுக்கறது. போலீஸ்ல எழுதிக் குடுங்கன்னு குழுத் தலைவர் சொல்றாரு."

"ஒண்ணு மருந்து சாகணும், இல்ல மனைவி ஜெயிலுக்குப் போகணும். நல்ல குழு," என்றான் கொழுந்தன்.

அளக்கும் கருவியைக் காட்டச் சொன்னாள் அண்ணி. செவிலியர் கொண்டுவந்து வைத்தார். சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய வெள்ளை வில்லை. அதன் அடியில் தலைமுடி கனத்தில் ஒரு இழை. வில்லையை மேல்கையின் பின்புறம் ஒட்டினால் இழை தோலுக்கடியில் போய் நின்றுகொள்ளும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவைக் குறித்துக்கொள்ளும். திரை கிடையாது, மணி அடிக்காது. அளவு தெரிந்தால் ஆள் அதற்குத் தகுந்தாற்போல் சாப்பாட்டை மாற்றிவிடுவான் என்பதால், என்ன குறித்திருக்கிறது என்பது மையத்துக்கு வந்து படித்தால்தான் தெரியும்.

"இந்த இழை ரத்தக் குழாய்க்குள்ள போகுதா?"

"இல்ல மேடம். தோலுக்கடியில சதைக்கு நடுவுல ஒரு ஈரம் இருக்கும். ரத்தத்துல இருந்து சர்க்கரை அங்க கசியும். அதைத்தான் அளக்குது."

அண்ணியின் கண்கள் ஒரு நிமிஷம் மின்னின. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் அவளுக்கு அன்றைய சாப்பாடே வேண்டாம்.

"யார் கையிலயாவது ஒட்டிப் பாத்தா நல்லா இருக்கும்," என்றாள்.

அறையில் யாராவது என்றால் யார் என்பது கொழுந்தனுக்குத் தெரிந்ததுதான். "எனக்குச் சர்க்கரை இல்ல அண்ணி."

"பேச்சுலகூட இல்ல. கையை நீட்டு. டாக்டர், பதினேழுக்கு எந்தக் கை?"

"இடது."

"இவனுக்கும் அதுலயே ஒட்டுங்க. விரல்ல குத்திப் பாக்கற மெஷின் ஒண்ணும் கடனா குடுங்க."

*

பதினேழாம் எண்ணின் மனைவி இஸ்திரி போடுகிறவள். முன்னறை முழுக்க மற்றவர்களுடைய துணி அடுக்கடுக்காக இருந்தது. ஆய்வு மையத்திலிருந்து வருகிறோம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவருக்குச் சர்க்கரை இறங்குகிறது என்றதும் அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

சமையல் மேடையில் சாப்பாட்டு டப்பாவின் மூடி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி மாத்திரை டப்பா. கொழுந்தன் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

"என்னையத்தானே சந்தேகப்படறீங்க?"

"சேச்சே, அப்படியெல்லாம்..."

"சும்மா சொல்லுங்க தம்பி. சாப்பாட்டுல போட்டுத் தீத்துக் கட்டணும்னா கல்யாணமான வருஷமே போட்டிருக்க மாட்டேனா? இருபத்தஞ்சு வருஷம் வளத்து எதுக்குப் போடணும்?"

கொழுந்தனுக்கு அது அசைக்க முடியாத வாதமாகப் பட்டது. அவன் மறுபடி சுவரைப் பார்த்தான். அங்கே கண்ணாடி போட்ட மூன்று சான்றிதழ்கள் மாட்டியிருந்தன. மூன்றிலும் ஒரே வாசகம்: ஆண்டின் விழிப்பான காவலர்.

"கண் கொட்டாம நிப்பாரு," என்றாள் அவள், குரலில் பெருமை வந்துவிட்டது. "காலையில எட்டு மணிக்கு நின்னா சாயந்தரம் அஞ்சு வரைக்கும். வீட்டுக்கு வந்தா காலைப் பிடிச்சு விட்டாத்தான் மனுஷன் எந்திரிப்பாரு. நானும் பத்தொம்போது வருஷமா பிடிச்சு விடறேன்."

"யூனிபார்மும் நீங்கதான் தேய்ச்சுக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

"வேற யாரு? கத்தி மாதிரி மடிப்பு நிக்கும். ஒண்ணுதான் வயித்தெரிச்சல். சாயந்தரம் வரும்போது வலது கை அப்படியே இருக்கும், இடது கை மட்டும் கசங்கிப் போயிருக்கும். கேட்டா, அந்தக் கையாலதான் கதவைத் தள்ளறேங்கறாரு."

அண்ணி தலையாட்டினாள். போகிற போக்கில் படுக்கையறையை எட்டிப் பார்த்தாள். கட்டிலின் வலது பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது.

"சுவத்தோரம் யாரு?"

"அவருதான். என் குறட்டைக்குப் பயந்துக்கிட்டு ராத்திரி பூரா சுவத்தைப் பாத்துப் படுப்பாரு."

தெருவுக்கு வந்ததும் கொழுந்தன் பெருமூச்சு விட்டான். "மாத்திரை டப்பா சாப்பாட்டு டப்பா பக்கத்துலயே இருக்கு அண்ணி. மனசு கேக்கல, ஆனா கண்ணு பாத்துடுச்சே."

"பதினாலு கோட்டுல எத்தனை கிணறு?"

அவன் எண்ணிப் பார்த்தான். "பன்னண்டு."

"கிணறு இல்லாத ரெண்டு நாளும் ஞாயித்துக்கிழமை. அன்னிக்கும் அதே அடுப்பு, அதே கை, அதே மாத்திரை டப்பாதானே? அப்புறம், மாத்திரை போட்டு இறக்கின சர்க்கரை மணி பாத்து ஏறாது தம்பி. அது மெதுவா இறங்கும், மெதுவா ஏறும். இது கிணத்துல வாளி விட்ட மாதிரி இருக்கு."

"அப்ப வீட்டம்மா தப்பிச்சாங்க."

"என்கிட்ட தப்பிச்சாங்க. குழுகிட்ட இல்ல."

*

ஆவணக் கிடங்கு என்பது ஊரிலுள்ள கம்பெனிகள் எல்லாம் தூக்கிப் போடவும் மனசில்லாமல், வைத்துக்கொள்ளவும் இடமில்லாமல் தவிக்கிற பழைய கோப்புகளின் முதியோர் இல்லம். இரும்புக் கதவுக்கு வெளியே நின்று மணியை அழுத்தியபோது மூன்று இருபது. இரண்டாவது தடவை அழுத்தினார்கள். மூன்றாவது தடவைக்குத்தான் கதவு திறந்தது.

பதினேழாம் எண் மரியாதையான மனிதர். நல்ல உயரம், அதைவிட நல்ல தொப்பை. சட்டையின் வலது கையில் மடிப்பு கத்தியாக நின்றது. இடது கை கசங்கியிருந்தது. இடது கன்னத்தில் கட்டம் கட்டமாகச் சிவந்த தடம்.

"மருந்தோட பக்கவிளைவு போலிருக்கு," என்று கொழுந்தன் அண்ணியின் காதில் சொன்னான். "முகத்துல சதுரங்கக் கட்டம் விழுது."

அண்ணி அவருடைய விரலைக் கேட்டு வாங்கி, குத்தி, மெஷினில் வைத்தாள். நூற்று இருபத்தாறு.

"வழக்கப்படி இந்நேரம் கிணத்துல கிடக்கணும்," என்று கொழுந்தன் முணுமுணுத்தான்.

காவலறை சின்னது. ஒரு பெஞ்சு, அதன்மேல் பிளாஸ்டிக் பின்னல் பாய் விரித்திருந்தது. பெஞ்சின் ஒரு முனையில் மடித்த துண்டு. பெஞ்சுக்கு இடப்புறம் ஜன்னல், ஜன்னல் வழியே கதவு. அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து பாயைத் தடவிப் பார்த்தாள். பிறகு பதிவேட்டைக் கேட்டாள்.

பதிவேட்டில் மணிக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும், ஆள் விழித்திருந்தார் என்பதற்கு அத்தாட்சியாக ஒரு கையெழுத்து. பத்து மணி, பதினொரு மணி, பன்னிரண்டு மணி. எங்கும் விடுபடவில்லை. கொழுந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று முப்பது. நான்கு மணிக்கான கையெழுத்தும் அழகாக விழுந்திருந்தது.

"கடமையில கொஞ்சம் முந்திக்கறீங்க," என்றான்.

பதினேழாம் எண் இருமினார்.

அண்ணி பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். "ரெண்டு வாரத்துல பிற்பகல் வந்த வண்டி எத்தனை?"

"மதியத்துக்கு மேல யாரும் வர மாட்டாங்க மேடம். ஒரே ஒரு லாரி. போன புதன்கிழமை. ரெண்டு ஐம்பத்தஞ்சுக்கு வந்து மூணு இருபதுக்குப் போச்சு."

அண்ணி காகிதத்தை எடுத்து அந்தப் புதன்கிழமைக் கோட்டில் விரலை ஓட்டினாள். இரண்டு பத்துக்குக் கிணறு. சரியாக மூன்று மணிக்குக் கோடு மேலே ஏறியிருந்தது. அரை மணி நேரம் நல்ல பிள்ளையாக மேலே நின்றிருந்தது. மூன்றரைக்கு மறுபடி உள்ளே குதித்திருந்தது.

கொழுந்தன் காகிதத்தையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "லாரி வந்தா இவருக்குச் சர்க்கரை ஏறுது. லாரி போனா இறங்குது. டீசல்ல எதுனா கலக்கறாங்களா அண்ணி?"

அண்ணி பதிவேட்டை மூடிக் கொடுத்தாள். "அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சதும் வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு மையத்துக்கு வந்துடுங்க. அவங்க பேர்ல ஒரு சந்தேகம் இருக்கு."

"அவ பேர்லயா?" என்று கேட்ட அவர் முகத்தில் கன்னத்துக் கட்டங்களைத் தவிர மற்ற நிறமெல்லாம் வடிந்துவிட்டது.

*

திரும்பும் வழியில் வண்டிகள் நகரவே இல்லை. டாக்சியின் பின்சீட்டில் கொழுந்தன் இடது பக்கக் கதவில் சாய்ந்தான். மதியச் சாப்பாட்டின் நினைவும் ஜன்னல் காற்றும் சேர்ந்து அவனைத் தாலாட்டின. லாரிகள் வரிசையாக வந்து சர்க்கரை மூட்டைகளை இறக்குகிற மாதிரி ஒரு கனவு வந்தது. நடுவில் எதுவோ சுருக்கென்று கடித்தது. கண்ணைத் திறந்தால் அவனுடைய வலது கை விரல் அண்ணியின் பிடியில் இருந்தது.

"என்ன அண்ணி இது?"

"நூத்தி நாலு. மணி நாலு நாப்பது. நீ தூங்கு."

வாழ்நாளில் அண்ணி அவனைத் தூங்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் சந்தேகப்படாமல் தூங்கினான். பின்னால் யோசித்தபோது, அங்கேதான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

மையத்தில் செவிலியர் அவன் கையிலிருந்த வில்லையின் மேல் படிக்கும் கருவியைக் காட்டினார். கருவியைப் பார்த்தவர், அவனைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்து, ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"என்ன சிஸ்டர்?"

"நாலு இருபதுல இருந்து உங்களுக்குச் சடசடன்னு இறங்கியிருக்கு. நாலு நாப்பதுக்கு ஐம்பத்தாறு. மயக்கமா இருக்கா?"

அதுவரை இல்லாத மயக்கம் அப்போது வந்தது. "அண்ணி, எனக்கும் யாரோ வெச்சுட்டாங்க. நான் மதியம் அண்ணன் சமைச்சதைத்தான் சாப்பிட்டேன். கூடப் பிறந்த அண்ணனே..."

"அவர் சமையலுக்கு விஷம் தனியா வேணாம்," என்றாள் அண்ணி. "டாக்டர், இங்க வாங்க. நாலு நாப்பதுக்கு இவன் கை ஐம்பத்தாறுங்குது. அதே நாலு நாப்பதுக்கு விரல் ரத்தம் நூத்தி நாலுங்குது. ஒரே ஆளு, ஒரே நிமிஷம். எது பொய்?"

டாக்டர் கருவியைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"தோட்டத்துக் குழாய் மேல காலை வெச்சு நிக்கறோம்னு வெச்சுக்குங்க," அண்ணி நிதானமாகச் சொன்னாள். "தொட்டி நிறையத் தண்ணி இருக்கும். செடிகிட்ட மண்ணு காயும். காலை எடுத்தா கொஞ்ச நேரத்துல நனைஞ்சுடும். இவன் இந்த வில்லை மேல உடம்பைப் போட்டு அமுக்கிக்கிட்டு டாக்சியில அரை மணி நேரம் தூங்கினான். அமுக்கின இடத்துல ரத்த ஓட்டம் சுருங்கிடுச்சு, புதுச் சர்க்கரை அந்த ஈரத்துக்கு வந்து சேரல. இழை அளந்தது அந்த ஒரு சொட்டு இடத்தை. உடம்பு பூராவும் அப்படியே இருந்துச்சு."

"இது எங்களுக்குத் தெரியும் மேடம்," என்று டாக்டர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "ராத்திரியில இப்படி இறங்கினா முதல்ல கை மேல படுத்தாரான்னுதான் கேப்போம். இது பட்டப்பகல். காவலாளி. மணிக்கு மணி கையெழுத்து. மூணு தடவை விழிப்புப் பரிசு. அவர்கிட்ட போய் மதியம் தூங்கினீங்களான்னு கேக்கணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல."

"மரியாதை தடுத்திருக்கு," என்றான் கொழுந்தன். சர்க்கரைத் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று குடித்து முடித்தான்.

*

ஆறு மணிக்குப் பதினேழாம் எண்ணும் மனைவியும் வந்தார்கள். பழைய வில்லைக்குப் பதிலாக மூன்று நாளைக்கு முன் அவர் கையில் புது வில்லை ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்துப் பார்த்தார் செவிலியர். இரண்டு பத்துக்குக் கிணறு. ஆனால் இன்று நான்கு மணி வரை போகவில்லை. மூன்று இருபதுக்கே கோடு ஏறியிருந்தது. அண்ணியும் கொழுந்தனும் கிடங்கின் கதவு மணியை அழுத்திய நேரம்.

அண்ணி அவரை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தாள். கொழுந்தனும் பின்னாலேயே போனான். "நீங்க இப்ப ஒரு உண்மையைச் சொல்லலேன்னா ஆறரை மணிக்கு ரெண்டுல ஒண்ணு நடக்கும். மருந்து நிக்கும், இல்ல உங்க வீட்டம்மா மேல போலீஸ்ல எழுதுவாங்க."

அவர் தரையைப் பார்த்தார்.

"இங்க நீங்க வெறும் பதினேழு. இந்தத் தாள் உங்க ஆபீசுக்குப் போகாது. கையெழுத்துப் போட்டு உறுதி குடுத்திருக்காங்க. வேலை போகாது."

"ஆபீஸ் கிடக்குது மேடம்," என்றார் அவர் மெல்ல. "அங்க எல்லாரும்தான் தூங்கறாங்க. இவளுக்குத் தெரியக் கூடாது."

"எது எனக்குத் தெரியக் கூடாது?"

மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னால் நிற்கிறவள் இல்லை என்பதைக் கொழுந்தன் காலையிலேயே கண்டுகொண்டிருந்தான்.

பதினேழாம் எண் அண்ணியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு, போலீசா இவளா என்று எடை போட்டு முடித்த ஒரு மனிதனின் குரலில் சொன்னார்: "சாப்பாட்டுல எதுவும் இல்ல. நான் சாப்பிட்டுட்டுப் படுத்துக்குவேன். ரெண்டு மணிக்கு மேல. தினமும். இடது பக்கமா."

அவள் வாசற்படியைத் தாண்டி அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"பத்தொம்போது வருஷமா," என்றாள் மனைவி, ஒவ்வொரு சொல்லாக இஸ்திரி போடுவது போல, "சாயந்தரம் வந்து, நாள் பூரா நின்னேன், கால் கழண்டு போச்சுன்னீங்க."

"கதவைப் பாத்துத்தான் தூங்குவேன்," என்றார் அவர். "அதுல ஒரு நாளும் தவறினதில்ல."

கொழுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிரிப்பை விழுங்கியதில் விக்கல் வந்தது.

எல்லாரும் உள்ளே வந்தபோது டாக்டர் குழுவுக்கு அனுப்ப எழுதத் தொடங்கியிருந்தார். "அடுத்த வில்லையை வலது கைக்கு மாத்திடலாம், பிரச்சினை தீந்துது."

"தீராது," என்றாள் அண்ணி. "வீட்ல ராத்திரி சுவத்தைப் பாத்துப் படுக்கறாரு, வலது பக்கமா. பகல் கிணறு ராத்திரிக்குப் போகும், அவ்வளவுதான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மணி ஆறு இருபது. இடது கையும் ஆகாது, வலது கையும் ஆகாது. பதினேழாம் எண்ணையே பக்கம் மாற்றிப் படுக்கச் சொன்னால் எத்தனை நாளைக்குக் கேட்பார்?

"வயித்துல ஒட்டலாமா?" மனைவிதான் கேட்டாள்.

"ஒட்டலாம். இந்த வில்லைக்கு அதுவும் அனுமதிச்ச இடம்தான். ஆனா குப்புறப் படுத்தா அங்கயும்..."

அவள் கணவனின் தொப்பையை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷம் தானே ஆக்கிப் போட்டு வளர்த்தது. "அது குப்புறப் படுக்க விடாதுங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார். ஆறு இருபத்தெட்டுக்கு எழுதி முடித்தார்:

பதினேழாம் எண்ணுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. அளக்கும் வில்லை மேல் உடம்பின் அழுத்தம் விழுந்ததால் தவறான அளவு பதிவானது. மருந்து தொடரலாம். எந்த நேரத்திலும் எழுபதுக்குக் கீழே அளவு பதிவானால், எந்தப் பக்கம் படுத்திருந்தார் என்று கேட்டு, மறுநாள் அதே நேரத்தில் விரல் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். அடுத்த வில்லை வயிற்றில்.